அரைப்பேராகிப் போன H

எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. 5;12H, 6;12H, 7;12H. கொழுந்து பறிப்பவர்களின் பெயர்கள் திரையில் வரிவரியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் இப்படி ஒன்று. ஐந்தாம் வரி, பன்னிரண்டாம் கட்டம், அங்கே போய் எழுது: ஈப்போவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் டெர்மினலுக்கு இடும் கட்டளை அது.

"கிராணி ஐயா, அந்த H அரைநாள் இல்ல. கர்சர் எங்க போகணும்னு சொல்றது."

ஆபீஸ் கணக்கரான அவருடைய பேனா நிற்கவில்லை. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதி நாளுக்கு H, அதாவது அரைப்பேர். காலமெல்லாம் அப்படியே எழுதிய கை. முன்னால் இருந்த எண்களை ஆள் நம்பர் என்று வைத்துக்கொண்டு, மலையில் நின்ற அத்தனை பெண்களையும் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். என் அம்மாவையும்.

"நேத்து வருகைக் கணக்க ஈப்போவுக்கு நான்தானே தட்டி அனுப்பினேன். எல்லாம் முழுப்பேரு."

"அப்ப நீதான் தப்பா தட்டியிருப்ப. மெசின் பொய் சொல்லாதுலா. ஆறாம் பாரம் படிச்சு முடிச்சிட்டா எனக்கே பாடம் எடுப்பியா?"

மெசின் பொய் சொல்லவில்லை. அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். டெர்மினலோடு வந்த கையேட்டை அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான் பிரித்தேன். எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி முன்னால் வந்தால், பின்னால் வருவது எழுத்தல்ல, கட்டளை. ஈப்போ பேசுவது புது முறை: எஸ்கேப், சதுர அடைப்பு, வரி, கட்டம், H. எங்களுக்குத் தள்ளிவிட்ட டெர்மினலோ பழைய முறையில் நிற்கிறது. எஸ்கேப்பையும் அடைப்பையும் விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திரையில் துப்புகிறது. துப்பியதை இவர் கணக்கில் ஏற்றுகிறார்.

சாயங்காலம் எங்கள் குடியிருப்பு லயத்தில் அம்மா கூடையை வீசினாள்.

"அட்டை கடியில முழு நாளும் நின்னவளுக்கு அரைப்பேரா? யாரு சொன்னா, ஒன்னோட அந்த டிவியா? நான் வந்து அது முன்னால நிக்கிறேன். பாதியா முழுசான்னு பாத்துக்கட்டும்."

நாளை மத்தியானம் எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரை செக்ரோலில் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். அதற்குள், ஈப்போ லைனைத் துண்டித்து, தட்டுவது எங்கள் திரையிலேயே விழும்படி வைக்கப் போகிறேன். அந்தக் கட்டளையைக் கிராணி தன் விரலாலேயே தட்டட்டும். ஈப்போவும் இல்லை, ஆளும் இல்லை, ஆனாலும் 5;12H திரையில் வரும். யாருடைய அரைநாள் அது என்று கேட்பேன். பிறகு டெர்மினலின் பின்பக்கச் சுவிட்சைப் புது முறைக்குத் தள்ளிவிட்டு அதையே தட்டச் சொல்வேன். கர்சர் ஐந்தாம் வரிக்குக் குதிக்க வேண்டும். கையேட்டில் இரண்டு சுவிட்சுகளைப் பற்றிப் போட்டிருக்கிறது, எதுவென்று தெளிவாக இல்லை. முதலில் இடப்பக்கத்துச் சுவிட்சைத் தள்ளிப் பார்ப்பேன்.