மூன்றாவது கம்பி

என் கணவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மானிப்பாயில் எங்கள் வீட்டு முகட்டிலிருந்து இரண்டு செப்புக் கம்பிகளை அவர் இழுத்திருந்தார். ஒன்று மேற்கே வேலியோரப் பனைக்குப் போனது. மற்றது வடக்கே, கிணற்றடியில் நீரிறைக்கும் வேலையற்று நின்ற பழைய துலாக்காலுக்கு. சிற்றலை வானொலி அவற்றின் வழியாகத்தான் தூரதேசத்து நிலையங்களைப் பிடித்தது. ஒன்றில் தெளிவாக வருவது மற்றதில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஆகவே மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். அதற்காகப் பழுதான மின்விசிறியின் வேகப் பெட்டியைப் பிரித்துக் குமிழை மட்டும் வைத்துக்கொண்டார். ஒன்றில் பனை, இரண்டில் துலா. பூச்சியத்தில் கம்பிகள் மண்ணோடு சேரும்; வானொலி எதையும் பிடிக்காது. இடி முழங்கினால் மட்டும் குமிழ் அங்கே போகும்.

பின்னேரங்களில் கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் பதிவார். ஒலி எவ்வளவு வலுவாக வந்தது என்பதற்கு ஐந்துக்குள் ஓர் எண்.

போன மாரி முடிந்த கையோடு எண்கள் சரியத் தொடங்கின.

“இஞ்சேரும், உமக்கும் மெல்லிசாத்தான் கேக்குதோ?” என்று ஒருநாள் கேட்டார்.

கூடத்தின் மறுமூலையில் புத்தகத்தோடு இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் துலக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவர் முகத்தில் பயம் இருந்தது. அவருடைய தகப்பனார் செவிடாகி, கலியாண வீடுகளில் மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்தபடி இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம்.

“ஓம், எனக்கும் அப்பிடித்தான்” என்றேன்.

அவர் மூச்சு இறங்கியது. குற்றம் காதிலிருந்து கம்பிக்கு மாறியது. மறுநாளே பொருத்துகளை அரத்தாள் போட்டுத் தேய்த்தார். அயல்வீட்டு எல்ஈடி விளக்குகள்தான் அலையைக் கெடுக்கின்றன என்று திட்டினார். கொப்பியில் என் காதுக்கென்று இன்னொரு நிரலும் கீறினார். அவர் இரண்டு என்று எழுதினால் நானும் இரண்டு என்பேன். கடைசியில் மூன்றாவது கம்பியொன்றை வேம்பில் கட்ட எழுபத்திரண்டு வயதில் ஏணி ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

“இப்ப எப்பிடி?”

“கொஞ்சம் பரவாயில்லை.”

இப்படி மூன்று மாதங்கள். வானொலியின் சத்தம் மட்டும் கிழமைக்குக் கிழமை கூடியது.

ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் வேலிப் பொட்டின் இடைவெளியால் தலையை நீட்டினாள். “அக்கா, மாஸ்டற்ரை றேடியோ போடுற சத்தத்திலை எங்கடை கோழி அடையை விட்டிட்டு எழும்பிப் போட்டுது. இனி அவரைத்தான் வந்து அடை கிடக்கச் சொல்லோணும்!” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டினாள்.

அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பொத்திய கைகளைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். காது வைத்தியர் நெடுநேரம் சோதித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “துவங்கின உடனை வந்திருந்தால் மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம், அம்மா. இப்ப பிந்திப்போச்சு. மிச்சமும் போயிடும்.”

“என்னவாம்?” என்று அவர் கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், துண்டுச் சீட்டின் பின்புறத்தில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை விரித்தார். அவருடைய நிரலில் நான்கு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகியிருந்தது. வைத்தியருக்கு வேண்டியிருந்த விவரம் முழுவதும் நாள்வாரியாக அங்கே கிடந்தது. பக்கத்தில் அதே எண்கள், என் பெயரில்.

“உம்மடை நிரலிலை ஒண்டாவது மெய்யோ?”

இல்லை என்று தலையசைத்தேன்.

அவர் என்னை ஏசவில்லை. அடிமட்டத்தை எடுத்து என் நிரலை மட்டும் பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழே, ஒரே நேர்கோடு போட்டு வெட்டினார். தன்னுடையதைத் தொடவில்லை. முடித்ததும் எழுந்து போய்க் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினார்.

வெளியே வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. குமிழ் இன்றும் பூச்சியத்திலேயே நிற்கிறது.