மூடக்கூடாத ஓட்டை

சண்டைக்குப் பயந்து எங்கள் மீன்பிடி ஊரான மயிலிட்டியை விட்டு ஓடிவந்து, உரும்பிராயில் ஒரு கமக்காரரின் வெங்காயக் கொட்டிலில் இருந்தோம். அங்கேதான் அக்காவின் கீழ்த்தாடை வீங்கத் தொடங்கியது. எலும்புக்குள் நீர்க்கட்டி என்றார் பட்டணத்துப் பல் டொக்டர்.

“தாடையை வெட்டத் தேவையில்லை. வாய்க்குள்ளாலை சின்ன ஓட்டை போட்டுக் குழாய் மாதிரி ஒரு ரியூப் வைச்சுவிடுறன். நீர் வடிய வடியக் கட்டி சுருங்கும், எலும்பு தானா வளரும். ஆறு மாசத்துக்கு ஓட்டை மூடக்கூடாது. மூடினால் எல்லாம் வீண்.”

மயக்க மருந்து கிடைக்காத காலம். ஒரு விறைப்பூசியோடு வேலை முடிந்தது. பிறகு காலையும் மாலையும் உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து ரியூப்புக்குள் அடித்துக் கழுவ வேண்டும். அம்மாவுக்குக் கை நடுங்கும். அதனால் அது என் வேலையானது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஓரிடத்தில் ஒரு மாதம் நில்லாதவன் நான்.

“டேய், மீன் கழுவுற மாதிரி உரஞ்சாதை.”

“மீன் இவ்வளவு கதைக்காது, அக்கா.”

மூன்றாம் மாதம் ரியூப் கழன்று விழுந்தது. அக்காவுக்கு அன்று காய்ச்சல். டொக்டரிடம் கேட்டுவரச் சொல்லி என்னைச் சைக்கிளில் அனுப்பினாள். பட்டணம் தெற்கே. நான் மேற்கே, மருதனார்மடத்துக்குத் திருப்பினேன். கடலேரி கடந்து வன்னிக்குப் போகவிருந்த கூட்டாளி ஒருவன் அங்கே தேத்தண்ணிக் கடையில் இருந்தான். மறுநாள் படகு. எனக்கும் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்: “இனிக் கழுவத் தேவையில்லையாம். ஆறட்டுமாம். வரவும் தேவையில்லையாம்.”

தூண்டில் கிழித்த கைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். புண் மூடினால் சுகம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தோல் மூடியதும் அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாளாம். அந்த நேரம் நான் வன்னியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பியபோது வீக்கம் காதுவரை வந்திருந்தது. அக்காவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

“எலும்பு முட்டைக்கோது மாதிரி இருக்கு,” என்றார் டொக்டர். “ஓட்டையை மூடலாம் எண்டு ஆர் சொன்னது?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நாங்களே விட்டிட்டம், டொக்டர்,” என்றாள் அக்கா.

இந்த முறை தாடையை வெட்டித்தான் திறந்தார்கள். மூன்று பற்கள் போயின. விறைத்த கீழுதடு பிறகு உணரவேயில்லை. உள்ளே மிஞ்சிய குழியைப் பழையபடி கழுவ வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலை தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து சிரிஞ்சுக்குக் கையை நீட்டினேன். அக்கா அதைத் தரவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தந்தாள்.

“ஆடாமல் பிடி.”

பிடித்தேன். அவளே கழுவினாள். தண்ணீர் உதட்டால் வழிந்து சட்டையில் சொட்டியது. விறைத்த உதட்டில் அவளுக்கு அது தெரியவில்லை. நான் கண்ணாடியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.