வெனிஸ் சதுக்கத்தில் நின்ற மனிதர்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பூதக்கண்ணாடி. அதைப் பிடித்திருந்த கையும், கைக்குரியவரும் அதற்குப் பிறகுதான் தெரிந்தார்கள்.

அது ஐம்பத்து நாலாம் வருஷம், தை மாதம். நான் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வலியசாலையில் ஒரு வீட்டின் மச்சறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீஸில் கணக்கர். வாசலில் நின்றவர் அவருடைய அண்ணன் மனைவி. வீட்டுக்காரர் அவரை மன்னி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டு வந்தேன். அதுவரை மன்னி மச்சுப்படி ஏறி வந்ததில்லை.

"இது உங்க பேப்பர்தானே?"

"ஆமாம் மன்னி."

"இந்தப் படம் எப்போ எடுத்தது?"

எங்கள் ஞாயிறு இதழில் உலகப் பக்கம் என்று ஒன்று வரும். வாரம் ஓர் ஊர்: எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது, ஜனங்கள் எதற்காகப் போகிறார்கள். எழுதுவது நான். அந்த வாரம் வெனிஸ். மன்னி பக்கத்தை நாலாக மடித்துப் படம் மட்டும் தெரியும்படி பிடித்திருந்தார். பெரிய சதுக்கம், உயரமான மணிக்கூண்டு, தரையெல்லாம் புறா, ஓரத்தில் நாற்காலிகள், நிறையக் கூட்டம். படத்தின் கீழே, "இவ்வாண்டு வெனிஸில் குவிந்த பயணிகள்" என்று இருந்தது.

மன்னியின் விரல் தூண் வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நின்றார். வலது கை பிடரியில் இருந்தது.

"பிடரியிலே கை வெச்சுண்டு நிக்கறாரே, பாருங்கோ. இவர் அப்படித்தான் நிப்பார். பஸ்ஸுக்குக் காத்துண்டு நின்னாலும் சரி, அம்பலத்திலே தீபாராதனைக்கு நின்னாலும் சரி."

நான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பத்திரிகைப் படம் புள்ளிகளால் ஆனது. கண்ணாடி வைத்தால் புள்ளிதான் பெரிதாகும், முகம் பெரிதாகாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கண்ணாடியை எடுத்தேன். அவர் மறுபடியும் அங்கே நின்றார்.

மன்னியின் கணவர் யுத்தம் தொடங்கிய பிறகு சிங்கப்பூர் போய் அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தபோது ஒரு கப்பலில் ஏறினார் என்று திரும்பி வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் வந்து சேரவில்லை. கடிதமோ தந்தியோ எதுவும் இல்லை. மன்னி நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் தாலியோடும் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் தலையில் பூ இருந்தது.

காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது அந்தத் தெருவின் வழக்கம். அதற்குப் பிறகும் தகவல் இல்லை என்றால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து தகனம் பண்ணிக் கர்மம் செய்வார்கள். அன்றிலிருந்து அவர் இறந்தவர், மனைவி விதவை. வருகிற மாசியில் பன்னிரண்டு முடிகிறது. கர்மத்தை முடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் துடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் ஆபீஸுக்குப் புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"அண்ணா பின்கட்டு வாசல்லே வந்து நிக்கறான், சார். மேலெல்லாம் ஈரம். துண்டு கேக்கறான். எடுத்துண்டு வந்து பாத்தா ஆள் இல்லை. சொப்பனம்தான். ஆனா முழிச்சப்புறம் போய்ப் பாத்தா, அந்த எடத்திலே தரை நனைஞ்சிருக்கா மாதிரி எனக்குத் தோணறது. கர்மம் பண்ணாதவரைக்கும் அவனுக்குக் கரை ஏது?"

மன்னி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ உயிரோடு இருக்கிற மனிதருக்கு இங்கே தீ வைப்பதா என்று கேட்டார். தாலி, குங்குமம், பூ என்று எல்லாவற்றையும் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. தலைமுடியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பேசாததால் எல்லோரும் அதையே நினைத்தார்கள்.

"சிங்கப்பூர் எங்கே, வெனிஸ் எங்கே மன்னி" என்றேன்.

"அங்கே எதுக்குப் போனார்னு என்னைக் கேக்காதீங்கோ. நீங்கதானே எழுதியிருக்கேள், உலகத்திலே பொறந்தவா எல்லாரும் ஒருதரமாவது பாக்க ஆசைப்படற ஊர்னு. எல்லாரும் வர்ற எடம்னா அவரும் ஒருநாள் வரணுமோல்லியோ?"

அந்த வாக்கியம் என்னுடையது. வாரா வாரம் அதைச் சிறிது மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பிரமிடுகளுக்குப் போவது அவற்றின் வயதுக்காக. நயாகராவுக்குப் போவது இரைச்சலுக்காக, ஸ்விஸ் ஏரிகளுக்கு அமைதிக்காக. வெனிஸுக்குப் போவது தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருப்பதற்காக. எல்லாம் வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை. நான் மதராஸைத் தாண்டிப் போனதில்லை. காரணத்தை நேரில் கேட்டு அறிய ஒரு தடவை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கன்னியாகுமரி பஸ்ஸுக்கு வெளியூர்க்காரர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கடல், சூரியோதயம், அம்மன் என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் போகிறார்களே என்றார்கள். மன்னி அந்தப் பதிலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸிலே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் அச்சுக்கூடத்தில் அந்தப் பட பிளாக்கைத் தேடி எடுத்தேன். மரக்கட்டையில் ஆணி அடித்த துத்தநாகத் தகடு. கட்டையின் ஓரங்கள் மையேறிக் கறுத்திருந்தன. போர்மேனிடம் காட்டினேன்.

"இதோ? இது பழைய பெட்டியிலே உள்ளதாணு சாரே. யுத்தத்துக்கு முன்னே நாகர்கோவில்லேந்து மிஷினோட கூடி வந்தது. எந்தா, வெனிஸ்காரன் கேஸ் கொடுத்தானோ?"

"இந்த ஒண்ணு மட்டுமா, எல்லாமுமா?"

"உலகப் படம் எல்லாம் ஆ பெட்டிதான். புதிய பிளாக் இவிடே யாரு வாங்கறது?"

ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். எந்தப் பழைய படத்துக்குக் கீழேயும் 'இவ்வாண்டு' என்று சேர்ப்பது அவருடைய ஏற்பாடு.

"என்ன வே, இது புது விசாரணையா இருக்கு? போன யுத்தத்துக்கு முன்னால கூட்டம் வந்துதுன்னு போட்டா எவன் வே படிப்பான்? புறாவுக்கு வயசு என்னான்னா கேக்கப் போறான்?"

போர்மேன் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மன்னி அடுக்களை நிலைப்படியில் நின்றார். இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்தப் படம் யுத்தத்துக்கு முன்னாலே எடுத்தது மன்னி."

"நன்னாத் தெரியுமா?"

"தெரியும். பிளாக் வந்ததே யுத்தத்துக்கு முன்னாலேதான்."

"அப்போ அவர் இங்கேன்னா இருந்தார்" என்றார் மன்னி. "இந்தத் தெருவிலே."

உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து வந்த உலகப் பக்கங்கள். வாரா வாரம் நான் படித்துவிட்டுக் கீழே ஜன்னல் திண்டில் போடும் பத்திரிகையிலிருந்து எடுத்தவை. பிரமிடுக்கு முன்னால் ஒட்டகங்களும் தொப்பிக்காரர்களும். பாரிஸ் கோபுரத்தின் அடியில் வரிசை. ஸ்விஸ் ஏரியில் படகு நிறையப் பெண்கள். அவற்றில் இருந்த ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது.

"கோடு எதுக்கு மன்னி?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பாத்து முடிச்சவா."

என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம்?"

"அதே பெட்டிதான்."

அவர் மேலே இருந்த பக்கத்தைப் பார்த்தார். ஏரிப் படகில் இருந்த பெண்கள் படமெடுத்தவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் அங்கே சுத்துமுத்தும் யுத்தம் வந்ததே" என்றார். "இவாள்ளே எத்தனை பேர் இருக்காளோ."

மன்னி காகிதங்களை மூலை சேர்த்துத் தட்டி ஒழுங்குபடுத்தினார். பிறகு மைத்துனரிடம், "நாள் பாத்துடு" என்றார்.

மாசியில் கரமனையாற்றின் கரையில் கர்மம் நடந்தது. நான் சற்றுத் தள்ளி நின்றேன். சாஸ்திரிகள் மணலில் தர்ப்பையும் புரச இலையும் வைத்து ஓர் உருவம் கிடத்தினார். தலைக்கு ஒரு தேங்காய். உருவத்தின் வலது கையாக வைத்த புல் நேராகக் கிடக்காமல் தலைப்பக்கம் வளைந்துகொண்டே இருந்தது. சாஸ்திரிகள் இரண்டு தடவை அதை நீட்டிவிட்டார். மூன்றாவது தடவை உடம்போடு சேர்த்து ஒரு கயிறு சுற்றினார். வீட்டுக்காரர் தீ வைத்தார். காய்ந்த புல் ஆனதால் சீக்கிரம் எரிந்தது. தேங்காய்க்குத்தான் நேரம் பிடித்தது.

அன்றிலிருந்து பத்து நாள் கழித்து மன்னியை ரேழியில் பார்த்தேன். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. முந்தானை தலையை மூடியிருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். பின்கட்டு வாசலைப் பற்றி வீட்டுக்காரர் என்னிடம் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சுற்றுலாப் படம் எதைப் பார்த்தாலும் மாளிகையையும் மலையையும் விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பேன். இந்தப் படத்தில் தாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

மன்னியை ரேழியில் பார்த்த வார உலகப் பக்கத்துக்கு மறுபடியும் நயாகராவை எடுத்துக்கொண்டேன். பெட்டியில் நயாகராவுக்கு இரண்டு பிளாக்குகள் இருந்தன. ஒன்றில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மனிதர்கள் நின்றார்கள். மற்றதில் தண்ணீரும் புகையும் மட்டும். ஆசிரியர் முதலாவதைப் போடச் சொன்னார். கூட்டம் இல்லாத படம் எதற்கு வே என்றார். தகடு தேய்ந்துவிட்டது என்று போர்மேனைச் சொல்லச் சொல்லி இரண்டாவதைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகையைப் படித்துவிட்டு வழக்கம்போல ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வெளியே போனேன். மாலையில் திரும்பியபோது பத்திரிகை மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் உலகப் பக்கம் மட்டும் இல்லை.