ஆறவிட நேரமில்லாத டீ

மெர்சி மிஸ் இறந்துபோன செய்தி, எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலைப் பிரார்த்தனைக்குச் சற்று முன் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே அன்று யார் எந்த வகுப்பைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. இரண்டையும் படித்துவிட்டு நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தப் போனேன். மாலை மணி அடித்த பிறகுதான் பல்லாவரத்தில் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது.

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியவர்களின் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். என்னைப் பேசச் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் இடைவேளை பத்து நிமிடம். அதிலும் பாதி நேரம் ஆசிரியர்கள் மாடி வராந்தாவில் நின்று, பிள்ளைகள் ஓடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்வாசலில் டீக்கடை வைத்திருக்கும் தனம் அக்கா, கொதிக்கக் கொதிக்க பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வருவார். நாங்கள் ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். மெர்சி மிஸ் அப்படி வைக்க மாட்டார். ஆவி பறக்கும் டீயை நாலே மடக்கில் விழுங்கி, கண்ணை ஒரு கணம் இறுக்கி மூடித் திறந்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வராந்தாவில் போய் நிற்பார்.

"இன்னா மிஸ்ஸு, இம்மாம் சூட்ட அப்பிடியே முழுங்குற? தொண்ட வெந்துராது?" என்று தனம் அக்கா கேட்பார்.

"ஆற வெச்சுக் குடிக்க நான் என்ன ஆபீஸரா, தனம்?"

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். டீ கொடுத்தேன். வாங்கியவுடனே விழுங்கிவிட்டார். "மிஸ், இன்னிக்கு மணி அடிக்காது" என்றேன். டம்ளரைக் கழுவ எழுந்தார். "எனக்குத் தெரியுது கலா. தொண்டைக்குத் தெரியலயே" என்றார்.

பிறகு ஒரு நாள் மதியம் சப்பாத்தி அவர் நெஞ்சில் நின்றுகொண்டது. தண்ணீர் விட்டுத் தள்ளினார். அடுத்த வாரத்திலிருந்து தயிர்சாதம். அதன்பின் அதுவும் குழைந்து இருந்தால்தான் இறங்கியது. ஸ்டாஃப் ரூமில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. கேஸ் ட்ரபுள் என்றார் ஒருவர். வெறும் வயிற்றில் டீ குடித்து வந்த அல்சர் என்றார் இன்னொருவர். கிரீன் டீக்கு மாறுங்கள், இஞ்சி தட்டிப் போடுங்கள் என்றார்கள். உடம்பு இளைக்கத் தொடங்கியபோது, "என்ன டயட் மிஸ்? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

எண்டோஸ்கோப்பி எடுக்க விடுப்புக் கேட்டார். "ப்ராக்டிகல்ஸ் முடியட்டுமே மிஸ்" என்றார் முதல்வர். ப்ராக்டிகல்ஸ் முடிந்தது. "பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சிரட்டுமே, பசங்க பாவம்." பிள்ளைகள் பாவம் என்று சொன்னால் மெர்சி மிஸ் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். அதைத் தெரிந்துதான் சொன்னார்கள். பப்ளிக் எக்ஸாமும் முடிந்த பிறகுதான் எண்டோஸ்கோப்பி எடுத்தார்.

அவருடைய கணவர் ஜெபராஜ் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அன்று அவரால் வர முடியவில்லை என்பதால் பரிசோதனை முடிவு வாங்க நான் கூடப் போனேன். புகையிலை, வெற்றிலை, மது என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று மெர்சி மிஸ் தலையசைத்தார்.

"ரொம்ப சூடா ஏதாவது குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?"

மெர்சி மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீ, டாக்டர்."

"எவ்வளவு சூடா?"

"மணி அடிக்கிறதுக்குள்ள குடிச்சு முடிக்கணும். அவ்வளவு சூடா."

உணவுக்குழாயில் புற்றுநோய். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "டீ மேல பழி போடாதீங்கம்மா. மிதமா குடிச்சா நல்லதுதான். ஆனா வருஷக்கணக்கா கொதிக்கக் கொதிக்க உள்ள போனா உணவுக்குழாய் புண்ணாகிட்டே இருக்கும், ஆபத்து கூடும். உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது." கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது மட்டும் மெர்சி மிஸ் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

ஆஸ்பத்திரிக்கு முதல்வர் வந்தார். வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டீயைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம் மிஸ்" என்றார்.

மெர்சி மிஸ்ஸின் குரல் அப்போது காற்றாகத்தான் வரும். "டீய இல்ல சார், ட்யூட்டிய" என்றார்.

முதல்வருக்குக் கேட்டதோ இல்லையோ, ஜெபம் செய்துவிட்டுப் போகலாம் என்று எழுந்துவிட்டார்.

இரங்கல் கூட்டத்தில் தாளாளர், ஆசிரியர்கள் உடல்நலம் பேண வேண்டும், தேநீருக்கு அடிமையாகக் கூடாது என்று பேசினார். அடுத்த திங்களன்று தனம் அக்காவை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. ஸ்டாஃப் ரூம் சுவரில் தேநீரின் நன்மை தீமைகளை எழுதி ஒட்டினார்கள். ஆரோக்கியம் பற்றி ஓர் உரைக்கும் ஏற்பாடு செய்தார்கள், பள்ளி விட்ட பிறகு. இடைவேளை அதே பத்து நிமிடம்தான். மெர்சி மிஸ் நின்ற வராந்தா இப்போது என் பொறுப்பு.

தனம் அக்கா பின்வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் டீயாலதான் அந்த மிஸ்ஸு பூட்ச்சின்னு சொல்லிக்கினு கீறாங்களாமே. நெசமா மிஸ்ஸு?"

"இல்லக்கா."

"அப்ப உள்ள போயி அத சொல்லேன்."

போய்ச் சொன்னேன். இடைவேளையைப் பற்றியும் சொன்னேன். முதல்வர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து, "சரி மிஸ், உங்களுக்கு கிளாஸுக்கு டைம் ஆச்சு" என்றார்.

இத்தனை பேரில் தன் மேல் பழியை எடுத்துக்கொண்டவர் ஜெபராஜ் அண்ணன் ஒருவர்தான். அடக்கம் முடிந்து வந்த அன்று, "வீட்லயும் அவ உக்காந்து டீ குடிச்சு நான் பாத்ததில்ல மிஸ். எல்லாருக்கும் குடுத்துட்டு, மிச்சத்த அடுப்புலேர்ந்து எடுத்து அப்படியே குடிச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுவா. ஏன்னு நான் ஒருநாளும் கேக்கலயே" என்றார்.

பள்ளி வாசலில் வைத்த பேனரில் மெர்சி மிஸ் அமைதியாக இளைப்பாறினார் என்று போட்டிருந்தார்கள். பொறுமையின் சிகரம் என்றும் போட்டிருந்தார்கள். கடைசி வாரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் குனியச் சொல்லிக் காதோடு பேசினார்.

"எனக்கு இன்னும் கோவமா இருக்கு கலா. ஜெபம் பண்ணா போயிரும்னு பாத்தேன். போகல."

"பரவால்ல மிஸ்."

"போகணும்னு எனக்கும் ஆசையில்ல."

பொறுமையைப் பேனர் வைத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இருக்கட்டும். அந்தக் கோபத்தை யாரும் கேட்டு வரவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன்.