இடப்பக்கம் பார்க்க ஒருத்தி

ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுப்பவளை அந்தத் தெருவில் எல்லோரும் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைத்தான் பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம் ஒரே தடத்தில் ஓட்டியவர்.

போன வருஷம் ஒரு காலையில், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவருக்குப் பக்கவாதம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கை கால் தேறிவிட்டது. ஆனால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கத்துப் பார்வை போய்விட்டது. தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்க, "போதும்" என்று எழுந்துவிடுவார். அவள் தட்டைத் திருப்பி வைத்தால், "இதை எப்ப போட்ட?" என்பார்.

லைசென்ஸும் போனது. அதன் பிறகு அவர் பேச்சும் குறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே, "மூணாவது கியர்ல இழுக்கிறான், இன்ஜின் என்னத்துக்கு ஆகும்" என்று முணுமுணுப்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. அந்த வீட்டு மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டியரிங் பிடித்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மானிட்டரில் சாலை, மழை, வைப்பர், நிறுத்தத்தில் குடையோடு நிற்கும் ஆட்கள். கையில் வளையங்களோடு ஏணி மேலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, கம்பி சரியில்லையா?"

"கம்பி நல்லாத்தான் இருக்கு சார். இது எங்க கிடைக்கும்?"

அவர் சொன்ன கடைக்கு மறுநாளே போனாள். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி ஒன்றாகப் பூட்டித் தரும் சின்னக் கடை அது. பூட்டுகிறவர் முப்பது வயசுக்காரர். ஒரு காதில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பார்.

"பஸ் ஓட்டுற கேமுக்கா? அப்ப இதுதான் அக்கா!" என்று வளைந்த மானிட்டர் ஒன்றைக் காட்டினார். ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. "முப்பத்தி நாலு இஞ்ச்."

அக்கா டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். "அகலம் அவ்வளவு இல்லையே தம்பி."

"மூலைக்கு மூலை அளக்கணும் அக்கா."

"நல்ல கூத்து! திரையை எவனாவது மூலைக்கு மூலை அளப்பானா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விளக்கினார். கிராபிக்ஸ் கார்டுதான் படத்தை வரைகிறது, மானிட்டர் அதைக் காட்டுகிறது. மானிட்டர் பெரிதானால் கார்டும் பெரிதாக வேண்டும். இல்லையென்றால் படம் திக்கித் திணறும்.

அக்கா உடனே ஒன்றும் வாங்கவில்லை. எதையும் வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது அவள் தொழில் புத்தி. அந்த மானிட்டர் அளவுக்குப் பழுப்புக் காகிதம் வெட்டி, வீட்டுச் சுவரில் ஒட்டினாள். கணவரை எதிரே உட்காரவைத்தாள்.

"தலையை ரொம்பத் திருப்பாம எதுவரைக்கும் தெரியுதுன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஒரு வீட்டு வேலைங்க. சும்மா சொல்லுங்களேன்."

காகிதத்தின் இடது ஓரம் அவருக்குத் தெரியவே இல்லை. அதைத் தேடித் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் "கிறுகிறுங்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். சிரமமில்லாமல் தெரிந்த இடம் வரை சாக்பீஸால் கோடு போட்டாள். காகிதத்தை மடித்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள்.

இம்முறை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா. நான் பாட்டுக்கு அகலத்தையே பேசிட்டிருந்தேன்."

அன்று இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தார்கள். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே அடங்குவது இருபத்தி நாலு இஞ்ச் தட்டை மானிட்டர்தான். கண் கூசாத திரை, கையால் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தக்கூடிய தாங்கி. கார்டுக்குத்தான் நேரம் பிடித்தது. இரண்டு கார்டில் ஒரே சாலையை ஓட்டிக் காட்டினார். முதல் கார்டில் வண்டி திரும்பும்போது மரங்கள் துள்ளித் துள்ளி வந்தன.

"தையல் விட்டு விட்டு விழுற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. "இதைப் பாத்தா அவருக்குத் தலை சுத்தும்."

இரண்டாவதில் மரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஆனால் அந்தக் கார்டின் மூன்று விசிறிகள் ஊதிய ஊதலில் பேச்சே கேட்கவில்லை. "சத்தம் ஆகாதுங்க அவருக்கு."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு அலமாரிக்குள் தலையை விட்டார். நடுத்தரக் கார்டு ஒன்றோடு வெளியே வந்தார். "மானிட்டர் சின்னதாயிட்டதால இதுவே போதும் அக்கா. இது பூனை மாதிரி. இருக்கிறதே தெரியாது." அக்கா காதை வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

கம்ப்யூட்டர், ஸ்டியரிங், பெடல் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. டிரைவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பொம்மை வண்டியா? என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?"

நான்கு நாள் அது துணி மூடிக் கிடந்தது. ஐந்தாம் நாள் வீம்பாக அவளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கிளம்பிய வேகத்தில் கம்பத்தில் மோதினாள். பின்னால் எடுத்து ஒரு கடைக்குள் நுழைத்தாள்.

"ஐயோ, பிரேக்கு! பிரேக்க மிதிடி! ஜனங்க நிக்கிறாங்க!"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"எந்திரி. மொதல்ல எந்திரி அங்கருந்து."

உட்கார்ந்தார். கண்ணாடிகளைப் பார்த்தார். மெல்ல எடுத்தார். அவர் முதுகு நிமிர்ந்ததைப் பின்னால் நின்று அக்கா பார்த்தாள். முதல் நிறுத்தத்தில் நின்று, கடைசி ஆள் ஏறும்வரை காத்திருந்து, கதவை மூடினார். அடுத்த முனையில் இடது பக்கம் திரும்பினார். அங்கே ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை.

மோதியதும் திரை சிவந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பாத்தியா?" என்றார். "என்கிட்டருந்து வண்டியப் புடுங்கிட்டாங்கன்னு இத்தனை நாளா மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன். அவங்க செஞ்சதுதான் சரி."

அக்கா எழுந்தாள். தையல் மிஷின் முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். மானிட்டரைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீங்க ஓட்டுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"சைக்கிள் வருதுன்னு சொல்லத் தெரியாதா?"

அவர் ஸ்டியரிங்கை மறுபடி பிடித்தார். வண்டியை எடுத்தார். அதே முனை. "நில்லுங்க... ஒரு அம்மா போறாங்க... ம், இப்ப போலாம்." திரும்பினார். ஒன்றிலும் இடிக்கவில்லை. அவர் இடது கை ஸ்டியரிங்கை விட்டு, தட்டுத் தடவி, அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒத்தக் கையில ஓட்டாதீங்க" என்றாள் அக்கா. ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.