திரும்பி வந்த கேசரி

சித்தி யாரிடமும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். காதைப் பார்த்துத்தான் பேசுவாள். புளியங்குடி மாப்பிள்ளையின் போட்டோ வந்தபோதும், "காது நல்லாருக்கு" என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று வீடே புரிந்துகொண்டது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால், இதையாவது முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகப் பாடம் நடத்தினாள். தலை குனிந்து வர வேண்டும். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு பேசக் கூடாது.

சங்கரன்கோவிலில் அப்போது எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, பட்டுச்சேலை உறுத்துகிறதென்று கழுத்தை ஒரு கையால் பிடித்தபடி சித்தி அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கை தறியின் தாளத்தை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் தூசி மிதப்பதை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருப்பதே பாதித் தூக்கத்தில் கிடப்பதுபோலச் சுகமாக இருக்கும்.

அம்மா கண் காட்டியதும் சித்தி கேசரித் தட்டை எடுத்துப்போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா, இப்பந்தான் சாப்பிட்டுட்டு வாரோம்" என்றார் அவர்.

"சரி" என்ற சித்தி, தட்டோடு அடுக்களைக்கே திரும்பிவிட்டாள்.

அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "ஏட்டி, ஏன் தூக்கிட்டு வந்த? எடுத்துக்கோங்கன்னு ரெண்டு மட்டம் சொல்லணும்லா!"

"அவங்கதான வேண்டாம்னாங்க?"

அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். "திமிரு பிடிச்ச பொண்ணு" என்று வாசலில் அந்த அம்மாள் சொன்னது எங்கள் இருவருக்குமே கேட்டது.

கேசரி முழுக்க எனக்குத்தான். சித்தி என் காதைப் பார்த்தபடி, "நான் என்ன தப்பு பண்ணுனேன்?" என்று கேட்டாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, விரல்கள் மட்டும் தட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல சித்தி" என்றேன், வாய் நிறையக் கேசரியோடு. அதற்குப் பிறகு அவளை யாரும் பெண் பார்க்க வரவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து, என் மகளைப் பார்த்த டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். முகம் பார்த்துப் பேசுவாளா, துணி உறுத்துகிறது என்பாளா, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாளா? ஆஸ்பெர்ஜர் என்கிற ஆட்டிச வகையாக இருக்கலாம் என்றார். மகளைப் பற்றிக் கேட்கிறார் என்பதே மறந்துபோய், நான் சித்தியைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தி அன்று கேட்ட கேள்விக்கு விடை, அந்தச் சின்ன வயதிலேயே, அடுத்து வந்த தீபாவளிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அதிரசம் நீட்டினால் முதலில் வேண்டாம் என்பேன். மறுபடி சொல்லட்டும் என்று காத்திருப்பேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாவின் ஒரு வாரப் பாடத்திலும் அது இல்லை. சித்திக்கு அதை யாராவது சொல்லித்தந்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.