கடனை முடித்தவர்களுக்கு ஒரு மேசை

கடன் வாங்க வழி காட்டுவதற்குத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடனை முடிக்கும்போது பிடுங்கிய காசைத் திருப்பி வாங்கித் தர, புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மேசைதான், அதில் உட்காருவது நான்.

மகளிர் குழுக் கூட்டமைப்பு அறையில் ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் மேசை. நான் எட்டாவது வரை படித்தவள். தெரியாத ஆம்பளைங்க எதிரில் நின்றால் எனக்குத் தொண்டையிலிருந்து சத்தமே வராது. இடுப்பில் இருக்கும் என் மகள் யாழினிக்கு அந்தக் குறை கிடையாது. வீட்டுக்கடனைக் கட்டி முடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகப் போய், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சொல்லக் கேட்டு முழித்தவர்கள் இருப்பீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் எல்லாரும் ஒரே இடத்தில் அடி வாங்கினவர்கள்.

விஷயம் இவ்வளவுதான். வட்டி ஏறி இறங்குகிற மாதிரி வீட்டுக்கடனைத் தனி ஆள் பேரில் வாங்கியிருந்தால், நடுவிலேயே மொத்தமாகக் கட்டி முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது. விதி அப்படி. ஆனால் வாங்குகிறார்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். முன்முடிப்புக் கட்டணம் என்பார்கள், ஃபைல் மூடுகிற கட்டணம் என்பார்கள்.

தாம்பூலத் தட்டு

அடமானத்தில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை மீட்பது எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் மாதிரி. காலண்டரில் நல்ல நேரம் பார்ப்போம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். ஃபைனான்ஸ் ஆபீசில் இருப்பவர்களுக்கு ஒரு டப்பா லட்டு. பத்திரம் வந்து சேரும்போது வீட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருப்பார்கள், மருமகள் வருகிற மாதிரி.

எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அப்பா நிலத்தில் வந்த பங்கை வைத்து எங்கள் கடனை முடிக்கப் போனோம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். எல்லாக் கையெழுத்தும் முடிந்து, பத்திரம் மேசைக்கு வந்தும் விட்டது. அப்போதுதான் மேனேஜர் அந்தக் கட்டணத்தைச் சொன்னார். யாழினி காது குத்துக்கு வைத்திருந்த பணம் அவ்வளவும் அதற்குச் சரியாக இருந்தது. "எதுக்குங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கட்டிவிட்டோம். லட்டை வாயில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துட்டேன்ல, அப்புறம் இன்னாம்மா?"

சத்தமே வரவில்லை

அந்தக் கட்டணம் செல்லாது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கூட்டமைப்புத் தலைவி சரோஜா அக்கா. அவரே மனு எழுதிக் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு, வாங்கிக்கிட்டோம்னு சீல் போட்டு நகல் வாங்கிட்டு வா. சீல் இல்லாம வராத" என்று அனுப்பினார். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வாடகை ஓட்டம். நானும் பிள்ளையும் போனோம்.

"வெச்சுட்டுப் போம்மா" என்றார் கவுன்ட்டர் தம்பி. சீல் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. போகவும் முடியவில்லை. மனுவைக் கையில் பிடித்தபடி நடு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "இன்னா விஷயம்மா?" என்றார்கள். நான் பேப்பரைக் காட்டினேன். படித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். "எங்கிட்டயும் இப்பிடி வாங்கினாங்களே" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். யாழினி மேசைக்கு அடியில் புகுந்து ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தாள், கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அந்தத் தம்பி உள்ளே ஓடி மேனேஜரிடம் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது: "அந்தம்மா ஒண்ணும் பேச மாட்டேங்குது சார், ஆனா எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க!"

மேடம் எப்ப வருவாங்க?

சீல் கிடைத்தது. பிறகு பணமும் பேங்க் கணக்குக்கு வந்தது. யாழினிக்குக் காது குத்தினோம். அதோடு நான் அடுப்படிக்குத் திரும்பியிருப்பேன். சரோஜா அக்கா விடவில்லை, இந்த மேசையில் உட்கார வைத்துவிட்டார்.

முதல் நாள் வந்தவர் கரியமாணிக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கரும்பு விவசாயி. என்னைப் பார்த்தும் உட்காராமல் நின்றுகொண்டே, "மேடம் எப்ப வருவாங்க?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க" என்றேன். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சந்தேகமாக உட்கார்ந்தார். அவருடைய கடன் கடைசி வரைக்கும் மாறாத வட்டிக் கடன். அதையும் வேறு கம்பெனியில் கடன் வாங்கி முடித்திருந்தார். அதற்குக் கட்டணம் வாங்க இடம் உண்டு. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வழியாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்: "இல்லன்னு சொல்றதுக்கா இத்தன வெட்கம்? இல்லாதத இருக்குன்னு சொல்லிக் காசு புடுங்கறவனே நிமிந்து நிக்கறான், கண்ணு!"

சிரித்த போட்டோ

மணப்பட்டு அஞ்சலை அக்கா மீன் விற்கிறவர். அறைக்கு வெளியே கூடையை இறக்கும் முன்பே அவர் சத்தம் உள்ளே வந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கிற தம்பி அனுப்பிய பணத்தில் வீட்டுக்கடனை முடித்து, மிச்சத்தில் புருஷனுக்கு வலை வாங்குவதாகத் திட்டம். மிச்சம் முழுக்க ஃபைனான்ஸ் கட்டணமாகப் போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் வலை வாங்காவிட்டால், சொந்தப் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு அவர் புருஷன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போக வேண்டும். "அந்த மனுசன் அப்பிடிப் போயி நிக்கறத நான் பாக்கக் கூடாது பாப்பா" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சத்தம் இறங்கிப்போனது.

அதே ஃபைனான்ஸ், அதே மேனேஜர். என்னைப் பார்த்ததும் கவுன்ட்டர் தம்பி ஒயரை எல்லாம் மேலே எடுத்துக் கட்டினார். ஆனால் மேனேஜர் இந்தத் தடவை தயாராக இருந்தார். அக்கா நல்ல நேரம் தப்பிவிடுமே என்று படிக்காமல் போட்ட கையெழுத்தைக் காட்டினார். அதற்கு மேலே 'கட்டணத்தை மனமுவந்து கட்டுகிறேன்' என்று இருந்தது. பிறகு போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். தாம்பூலத் தட்டோடு, பத்திரத்தை நெஞ்சில் அணைத்தபடி அஞ்சலை அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாருங்க, எவ்ளோ சந்தோஷமா கட்டியிருக்காங்க" என்றார் மேனேஜர். அக்கா கூடையைத் தரையில் ஓங்கி வைத்தார். "வூட்டுப் பத்திரம் கைக்கு வந்துச்சேன்னு சிரிச்சேன்யா, நீ புடுங்கினதுக்கா சிரிச்சேன்?"

என் வாயிலிருந்து வந்தது

மேனேஜர் அசரவில்லை. இது மாறாத வட்டிக் கடன், அதனால் கட்டணம் உண்டு என்றார். கரியமாணிக்கத்துப் பெரியவரிடம் நான் சொன்ன அதே விஷயம். அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவர் கத்தினால் ஊரே கேட்கும், ஆனால் இதற்குப் பதில் அவரிடம் இல்லை. என்னிடம் இருந்தது. முந்தின நாள்தான் சரோஜா அக்காவும் நானும் அஞ்சலை அக்காவின் பாஸ்புக்கையும் கம்பெனி அனுப்பிய தாள்களையும் வைத்துப் பார்த்திருந்தோம். நடுவில் வட்டி ஏறிவிட்டது என்று தவணைக் காலத்தைக் கூட்டியிருந்தார்கள்.

யாழினியை அக்கா மடியில் விட்டேன். "சார்" என்றேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை, "சார், வட்டி மாறாதுன்னா தவணைக் காலம் எப்பிடி சார் கூடுச்சு?" என்றேன். அது என் சத்தமா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு பெரிசாக வந்துவிட்டது. மேனேஜர் அக்காவின் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். நானும் உட்காரவில்லை. தலைமை ஆபீசுக்கு எழுதுகிறேன் என்றார். வெளியே வந்ததும் அஞ்சலை அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார், அவர் கையில் இருந்த மீன் வாசனை சாயங்காலம் வரை போகவில்லை. "அடிப்பாவி, இத்தன நாளு இந்தச் சத்தத்த எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

வலை

நினைத்த மாதிரி உடனே முடியவில்லை. தலைமை ஆபீஸ், முடியாது என்று பதில் போட்டது. அதற்கும் மேலே, இந்தக் கம்பெனிகளை மேற்பார்க்கிற ஆபீசுக்குப் புகார் போட்டோம். மணப்பட்டில் மற்றவர்கள் படகுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சலை அக்காவின் புருஷன் கூலிக்கு வருவதாக ஒருத்தரிடம் பேசிக்கூட விட்டார். அக்கா தினமும் போன் பண்ணி, "வந்துச்சா?" என்பார். "இல்லக்கா" என்பேன்.

தடைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போது புகார் பலித்து, பணம் அக்கா கணக்கில் ஏறியது, பிடித்த தொகை முழுதாக. எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் வலை வந்தது. வாடகை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டம்மா வாங்கிக் குடுத்த காசு" என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டுமே என்றும் இருந்தது.

கரையில் அக்காவின் புருஷன் பச்சை வலையை விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். கூலிக்குக் கூப்பிட்டவருக்குப் போன் போட்டு, "நான் வரல மாமா, எம் படகு போவுது" என்றார். அவர் பேசிய சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "இந்த வலைல மொத மொத வுழுந்தது மீனு இல்லடி, அந்த ஃபைனான்ஸ்காரன்!"

கட்டணத்துக்குப் புதுப் பெயர் கண்டுபிடிக்க அவர்களிடம் ஆள் இருக்கும் வரைக்கும், எங்கள் கொம்யூனில் அரசாங்க உத்தியோகத்தைவிட என் வேலைதான் நிரந்தரம்.